பூமி சுழலுவது பொய்யா?

“பூமி சுழலுகிறதென்றால் மேலே எறிந்த கல் மேற்கே போய் விழவேண்டாமா?” என்று தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் ஒரு தோழர் நம்மைக் கேட்டார். கேட்டதில் நமக்கு மெத்த மகிழ்ச்சியே. புராணத்தில் இருக்கிறதென்று நம்புவதும், பாடப்புத்தகத்தில் இருக்கிறதென்று யோசியாமல் நம்புவதும் நம் கணக்கில் ஒன்றுதான்.

கேள்வி புதிதுமல்ல. 499-ல் ஆரியபட்டர், படகில் போகிறவனுக்குக் கரை பின்னே ஓடுவதுபோலவே நட்சத்திரங்கள் நகர்வதாகத் தோன்றுகின்றன. சுழலுவது பூமியே என்று எழுதினார். அப்படியானால் பறந்த பருந்து கூட்டுக்குத் திரும்புமா என்றார் அடுத்த நூற்றாண்டின் வராகமிகிரர். 628-ல் பிரம்மகுப்தரும் மறுத்தார். இவர்களாவது காரணம் கேட்டார்கள். பின்வந்த உரைகாரர் பலரோ ஆரியபட்டர் சொல்லுக்கே வேறு பொருள் கற்பித்து மழுப்பிவிட்டார்கள்.

விடை அந்தப் பஸ்ஸிலேயே இருந்தது. சீராக ஓடும் பஸ்ஸில் காசைச் சுண்டினால் அது கையிலேயே விழுகிறது. பஸ்ஸின் வேகம் காசுக்கும் உண்டு. சுண்டியதும் அது போய்விடுவதில்லை. இதற்கு நிலைமம் என்று பெயர். தென்காசி மண்ணும் காற்றும் பருந்தும் மணிக்குச் சுமார் 1,650 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சேர்ந்தே போகின்றன. இன்னும் வேடிக்கை என்னவென்றால், தென்காசிக் கோபுரத்தளவு, அதாவது சுமார் 180 அடி உயரத்திலிருந்து குண்டைப் போட்டால், அது பின்தங்குவதற்குப் பதில் கிழக்கே ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் முந்தி விழும். உயரத்திலுள்ளது பூமியின் அச்சுக்கு அதிகத் தூரம். ஆதலால் வேகமும் அதிகம். (காற்றில்லாத நேரம் வேண்டும். தென்காசிக் கோபுரவாசலில் அது ஏது என்று அவ்வூரார் சிரிப்பார்கள்.)

நிற்க. பஸ் வளைவில் திரும்பும்போது, கண்ணை மூடியிருந்தாலும் உடம்பு சாய்கிறதல்லவா? சீரான நேர் ஓட்டம் உள்ளிருப்பவனுக்குத் தெரியாது; சுழற்சி தெரிந்துவிடும். 1851-ல் பாரிசில் பூக்கோ என்பவர் 67 மீட்டர் கம்பியில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி, ஆடும் திசை மெல்லத் திரும்புவதை ஊராருக்கே காட்டினார். உண்மையில் திரும்பியது கீழிருந்த தரை.

எதைக்கொண்டு திரும்பியதென்பது? தூரத்து நட்சத்திரங்களைக்கொண்டுதான் என்றார் 1883-ல் மாக். ஆகாயமெங்கும் நிறைந்த ஆதிக் கதிர்வீச்சு 1965-ல் உலகுக்குத் தெரியவந்தது. அதைக்கொண்டு அளந்தால் சூரியன் நம்மையும் சேர்த்து வினாடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் போகிறது. ஆனால் அது அளவுகோல்தான். பொருள்களுக்கு நிலைமத்தைக் கொடுப்பது அதுவே என்று யாரும் நிரூபிக்கவில்லை.

2023-ல் திறந்த டில்லிப் பார்லிமெண்டுக் கட்டடத்தில் அத்தகைய குண்டு தொங்குகிறது. அங்கே ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 50 மணி. பூமத்தியரேகைக்கு அருகிலுள்ள தென்காசியிலோ ஆறு நாளுக்கு மேலாகும். ஆயினும் மணிக்கு இரண்டு பாகைக்கு மேல் திரும்பும். சாரல் காலத்தில் அருவிக்கு வரும் ஜனங்கள் குளிக்குமுன் ஒருதரமும், குளித்துச் சாப்பிட்டபின் ஒருதரமும் பார்க்கும்படி, அப்பக்கத்துப் பள்ளிக்கூடத்தார் ஒன்று தொங்கவிடக் கூடாதா? காற்றுப் புகாத உயர்ந்த கூடமும், நீளக் கம்பியும், கனத்த இரும்புக் குண்டும் போதும்.