காரின் வாசற்படி

பழைய கார் ஒன்று விலைக்கு வருகிறது. புது வர்ணம் பளபளக்கிறது. மெத்தை நன்றாக இருக்கிறது. என்ஜின் சத்தமில்லாமல் ஓடுகிறது. வாங்குகிறவருக்குப் பரம திருப்தி. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டி வருகிறார்.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் சக்கரம் மாற்ற வேண்டியிருக்கிறது. கதவுக்குக் கீழே ஜாக்கியை வைத்துத் தூக்குகிறார். கார் எழும்பவில்லை. ஜாக்கிதான் காருக்குள்ளே போகிறது! தகடு அப்பளம்போல் நொறுங்குகிறது. துருவும், காய்ந்த பட்டியும் பொலபொலவென்று கொட்டுகின்றன.

இது கற்பனையல்ல. பழைய கார்களைப் பழுது பார்க்கும் டிங்கரிங் பட்டறைகளில் இது பழகிப்போன காட்சி.

நொறுங்கியது எது? காரின் கதவைத் திறந்தால், நாம் காலைத் தூக்கி வைத்துத் தாண்டுகிற இடத்தில், முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை நீளமாக ஓர் இரும்புப் பெட்டி ஓடுகிறது. அதற்கு 'ஸில்' என்று பெயர். காரின் வாசற்படி என்று சொல்லலாம். வெளித் தகடு ஒன்று, உள் தகடு ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒட்டவைத்திருப்பார்கள். நடுவே வெற்றிடம். தகட்டின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான்.

இந்த மெல்லிய பெட்டிக்கு அவ்வளவு முக்கியத்துவமா என்று கேட்கலாம். ஆம், அவ்வளவு முக்கியம்தான்.

சில கார்களுக்குக் கீழே கனமான இரும்புச் சட்டம் தனியாக இருக்கும். அதன்மேல் கூண்டை ஏற்றிப் பொருத்தியிருப்பார்கள். சென்னையை அடுத்த வண்டலூரில் 1960-களில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் அந்த வகை. ஆனால் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் அப்படியல்ல. அவற்றில் தனிச் சட்டம் கிடையாது. கூண்டே சட்டம், சட்டமே கூண்டு. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைத்து வண்டியை வளையாமல் தாங்கும் உறுப்புகளில் ஸில்தான் தலையாயது. பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து மோதினால், உள்ளே இருப்பவர்களின் இடுப்புக்கும் மோதும் வண்டிக்கும் நடுவே நிற்பதும் அதுதான்.

அந்த உறுப்புத்தான் முதலில் துருப்பிடிக்கிறது!

காரணம் எளிது. மழைநீர் கதவின் ரப்பர் வழியாகக் கசிந்து உள்ளே இறங்குகிறது. சக்கரம் வாரியடிக்கும் சேறும் இடுக்குகளில் புகுகிறது. தண்ணீர் வடிவதற்காகப் பெட்டியின் அடியில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். சேறும், அவசரத்தில் அடித்த வர்ணமும் அந்தத் துளைகளை அடைத்துவிடுகின்றன. பிறகு கேட்பானேன்? ஈரம் உள்ளேயே தங்குகிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்து கொள்கிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் முழுகி நின்றதை நாம் கண்டோம். என்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்தவர்கள் உண்டு. மெத்தையை மாற்றியவர்கள் உண்டு. ஸில்லுக்குள் தேங்கிய சேற்றைக் கழுவி எடுத்தவர்கள் எத்தனை பேர்?

இந்தத் துரு உள்ளிருந்து வெளியே வருகிற துரு. கரையான் அரித்த உத்தரம்போல, மேலே முழுசாகத் தெரியும். உள்ளே ஒன்றும் இராது. இரும்பு துருவாக மாறும்போது பருமன் கூடுகிறது. அதனால்தான் வர்ணம் கொப்புளம்போல் உப்புகிறது. அந்தக் கொப்புளம் நோயின் ஆரம்பம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் நோய் முற்றியதன் அடையாளம்.

இதற்கு நம் ஊரில் நடக்கும் வைத்தியம் என்ன? ஓட்டையின்மேல் தகரத்துண்டு ஒன்றை ஆணி அடித்து வைக்கிறார்கள். அல்லது கண்ணாடி நாரையும் பிசினையும் ஒட்டுகிறார்கள். அதன்மேல் பட்டி தடவி, தேய்த்து, வர்ணம் அடித்துவிடுகிறார்கள். புண்ணுக்குப் புனுகு பூசுகிற கதைதான். பட்டிக்கு எடையைத் தாங்கும் சக்தி கிடையாது. உள்ளே துரு தன் வேலையைத் தொடர்ந்து செய்கிறது. முன்னைவிட மோசம் என்னவென்றால், இப்போது அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

சரியான வைத்தியம் வேறு. துருப்பிடித்த பகுதியை, நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். தரைவிரிப்பு, ஒயர், பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் தீப்பொறிக்கு எட்டாதபடி அகற்ற வேண்டும். தீயணைப்புக் கருவி பக்கத்தில் இருக்க வேண்டும். கார் நிற்கும் விதமும் முக்கியம். நடுவில் மட்டும் முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்தால், வெட்டியதும் கூண்டு வளைந்துவிடும். பிறகு கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. ஆகவே கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பியால் முட்டு வைத்து, அளவு எடுத்துக் கொண்டு, ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டுமே வெட்ட வேண்டும்.

உள் தகடு கெட்டிருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். அதை விட்டுவிட்டு வெளித் தகட்டை மட்டும் மாற்றுவது, செல்லரித்த சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது. வெல்டிங்கை ஒரே மூச்சில் நீளமாக இழுக்காமல், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றிச் செய்தால் தகடு நெளியாது. காஸ் வெல்டிங்கில் சூடு அதிகம் பரவும். மெல்லிய தகட்டுக்கு 'மிக்' வெல்டிங் மேலானது. கடைசியில் இணைப்புகளை அடைத்து, பெட்டியின் உட்புறம் முழுவதும் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயைப் பீய்ச்ச வேண்டும். அடித்துளைகளைத் திறந்தே விட வேண்டும். இந்தக் கடைசிக் காரியத்தைச் செய்யாவிட்டால் சில வருஷங்களில் பழைய குருடி கதவைத் திறடி!

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. தகட்டை அளந்து, வளைத்து, கையாலேயே புது ஸில் செய்து பொருத்தும் தொழிலாளர்கள் நம் பட்டறைகளில் இருக்கிறார்கள். அவர்கள் திறமைக்குக் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. "இரண்டு நாளில் முடியணும், செலவு குறையணும், பார்க்க நல்லா இருக்கணும்" என்று வண்டிக்காரர் கேட்கிறார். கேட்டதைத்தான் பட்டறை தருகிறது. நேர்மையாக வெட்டி ஒட்டுகிறவர் கூலி அதிகம் கேட்கிறார் என்று பெயர் வாங்குகிறார். பட்டி பூசுகிறவர் கெட்டிக்காரர் ஆகிவிடுகிறார். இந்த நிலை மாற வேண்டும்.

பிரிட்டனில் வருடாந்தர வாகனச் சோதனையில் இதற்குத் திட்டமான விதி இருக்கிறது. ஸ்டியரிங், ஸ்பிரிங், சீட் பெல்ட் ஆகியவை பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் எடை தாங்கும் பாகம் மிகவும் துருப்பிடித்திருந்தால் வண்டி தேறாது. பட்டியும் பிசினும் பூசிய ரிப்பேரை ஏற்பதில்லை. நம் நாட்டில் சொந்தக் கார்களுக்கு முதல் பதிவு 15 ஆண்டு. பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் விளக்கையும் ஹாரனையும் பார்ப்பதோடு நில்லாமல், வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அதிகாரிகளைக் கேட்டுக் கொள்கிறோம். தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய கார் வாங்கப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டு போங்கள். மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே நெடுக வைத்துப் பாருங்கள். இரும்பு இருந்தால் ஒட்டும். கனமான பட்டி இருந்தால் ஒட்டாது. விரலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். பட்டறையில் வேலைக்கு விட்டால், வர்ணம் அடிப்பதற்கு முன் வெறும் இரும்பை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி மறுக்க மாட்டார், பெருமையோடு காட்டுவார்.

எல்லாப் பழைய கார்களையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அடித்தளம் முழுவதும் போய்விட்ட வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுவதே நியாயம். ஆனால் அப்பாவும் அம்மாவும் ஏறிய வண்டி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன வண்டி என்று ஆசையோடு வைத்திருப்பவர்கள் அதை முறையாக வைத்திருக்கட்டும். அதில் ஏறி உட்காருகிறவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தானே!

வர்ணம் கண்ணுக்கு, இரும்பு உயிருக்கு. எதில் சிக்கனம் செய்வது என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள்.