நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடுவது யார்?
ஸ்பெயின் கூடைப்பந்து கிளப்பின் வெற்றியும் வேதனையும்

அவன் பள்ளிக்கூடத்துப் பையன். 15-வது பிறந்த நாளுக்கு இன்னும் 6 நாள் இருந்தது.

2005-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி, ஸ்பெயின் நாட்டின் முதல்தர கூடைப்பந்து லீக் போட்டியில் அவன் களம் இறங்கினான். எதிரே நின்றவர்கள் அதையே தொழிலாகக் கொண்ட ஆட்டக்காரர்கள். அந்த லீக்கில் அவ்வளவு சிறு வயதில் அதற்கு முன்பு யாரும் ஆடியதில்லை.

பையனின் பெயர் ரிக்கி ரூபியோ. அவனை நம்பிக் களத்தில் இறக்கிய கிளப்பின் பெயர் ஜுவென்டுட்.

அதன் பிறகு ரூபியோ அமெரிக்கா சென்றார். உலகப் புகழ் பெற்றார். 2019-ல் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றபோது, போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசும் அவருக்கே கிடைத்தது. 2025-ல், 34 வயதில், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தார்.

ஊரார் மகிழ்ந்தார்கள். ஆனால், அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் ஒரு கவலையும் இருக்கிறது. இன்று இன்னொரு ரூபியோ பிறந்தால், அவனை அந்த ஊர் எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும்? இதுதான் கேள்வி.

கடலோரத் தொழில் நகரம்

ஸ்பெயினின் வடகிழக்கே கட்டலோனியா மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் பார்சிலோனா. அதை ஒட்டியே, கடற்கரையில் இருக்கும் தொழில் நகரம் படலோனா. மக்கள் தொகை 2 லட்சத்துக்கு மேல்.

பார்சிலோனா எல்லோருக்கும் தெரியும். படலோனாவை வெளிநாட்டில் அதிகம் பேருக்குத் தெரியாது. ஆனால், கூடைப்பந்து என்று வந்துவிட்டால் கதையே வேறு. அங்கே பிள்ளைகள் கால்பந்தைவிடக் கூடைப்பந்தைப் பெரிதாக நினைக்கிறார்கள்.

கூடைப்பந்து பிறந்தது அமெரிக்காவில். ஸ்பெயினுக்கு அதைக் கொண்டு வந்தவர் ஒரு பாதிரியார். அவர் பெயர் எவுசேபியோ மில்லான். கியூபாவில் ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட அவர், 1920-களின் தொடக்கத்தில் பார்சிலோனாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக் கொடுத்தார். அங்கிருந்து பக்கத்து ஊர்களுக்கும் ஆட்டம் பரவியது.

விமானத்தின் பெயர்

1930-ல் படலோனாவில் சில இளைஞர்கள் ஒன்று சேர்ந்து ஒரு கிளப் தொடங்கினார்கள்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் அமெரிக்கர் லிண்ட்பர்க் தனியாக விமானம் ஓட்டி அட்லாண்டிக் கடலைத் தாண்டியிருந்தார். அந்த விமானத்தின் பெயர் "ஸ்பிரிட் ஆப் செயின்ட் லூயிஸ்". அதைப் பார்த்து, "ஸ்பிரிட் ஆப் படலோனா" என்று கிளப்புக்குப் பெயர் வைத்தார்கள்.

பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. 1939-ல் சர்வாதிகாரி பிராங்கோ வென்றார். கட்டலான் மொழிக்குத் தடை வந்தது. கிளப்புக்கும் ஸ்பானிஷ் மொழியில் பெயர் வைக்க வேண்டியதாயிற்று. சர்வாதிகாரம் ஒழிந்த பிறகு அதே பெயர் கட்டலான் மொழிக்கு மாறி, "ஜுவென்டுட்" ஆயிற்று.

ஜுவென்டுட் என்றால் "இளமை" என்று பொருள். ஊரார் செல்லமாக அழைப்பது "பெனியா" என்று. அதற்கு "நண்பர் கூட்டம்" என்று பொருள். பச்சையும் கறுப்பும் கலந்த சட்டைதான் அவர்களுடைய அடையாளம்.

நான்கு முறை சாம்பியன்

ஸ்பெயினில் பணமும் பலமும் கொண்ட கிளப்புகள் இரண்டு. ஒன்று ரியல் மாட்ரிட். மற்றது பார்சிலோனா. இந்த இரண்டு மலைகளுக்கு நடுவே நின்று, ஜுவென்டுட் நான்கு முறை தேசிய லீக்கை வென்றது. 1967, 1978, 1991, 1992 ஆகியவை அந்த ஆண்டுகள். ஸ்பெயின் அரசர் கோப்பையை 1997-லும் 2008-லும் கைப்பற்றியது.

இன்னொரு பெருமையும் உண்டு. லீக்கில் கடைசி இடத்துக்குப் போகும் கோஷ்டிகளைக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு முறைகூட அப்படித் தள்ளப்படாத கிளப்புகள் முன்பு மூன்று இருந்தன. 2021-ல் மாட்ரிட் நகரின் எஸ்டுடியான்டஸ் கிளப் கீழே இறங்கியது. மிஞ்சியவை இரண்டுதான். ஒன்று ரியல் மாட்ரிட். இன்னொன்று இந்தச் சிறிய ஊரின் ஜுவென்டுட்.

சில வினாடியில் போன கோப்பை

1992-ம் ஆண்டு ஏப்ரல். துருக்கியின் இஸ்தான்புல் நகரில் ஐரோப்பிய சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டம். ஜுவென்டுட்டை எதிர்த்தது யூகோஸ்லாவியாவின் பார்ட்டிசான் கோஷ்டி.

யூகோஸ்லாவியாவில் அப்போது போர். அதனால் பார்ட்டிசான் தன் சொந்த ஊர் ஆட்டங்களைக்கூட ஸ்பெயினுக்கு வந்து ஆட வேண்டியிருந்தது. அதன் பயிற்சியாளர் ஜெல்கோ ஒப்ராடோவிச். அந்தப் பதவியில் அவருக்கு அதுதான் முதல் ஆண்டு.

ஆட்டம் முடிய சில வினாடிகளே பாக்கி. ஜுவென்டுட் 70, பார்ட்டிசான் 68. படலோனா மக்கள் கொண்டாட்டத்துக்குத் தயாராகிவிட்டார்கள்.

அப்போது பார்ட்டிசான் வீரர் ஜார்ஜெவிச் பந்துடன் ஓடி வந்தார். தூரத்தில் இருந்தே பந்தை எறிந்தார். கூடைக்குள் விழுந்தது! தூரத்து வீச்சுக்கு மூன்று பாயிண்டு. 71-70. கோப்பை கை நழுவிப் போனது.

படலோனா இடிந்து போயிற்று. ஆனால், பழிவாங்கத் துடிக்கவில்லை. கிளப் நிர்வாகிகள் யோசித்தார்கள். தங்களைத் தோற்கடித்த அதே ஒப்ராடோவிச்சைத் தங்கள் பயிற்சியாளராக அழைத்து வந்தார்கள்!

1994 ஏப்ரலில் மீண்டும் இறுதி ஆட்டம். இடம் இஸ்ரேலின் டெல் அவிவ். எதிரி கிரீஸ் நாட்டு ஒலிம்பியாகோஸ். ஆட்டம் முடியும் தறுவாயில் ஜுவென்டுட் ஒரு பாயிண்டு பின்தங்கியிருந்தது. அமெரிக்க வீரர் கோர்னி தாம்சன் தூரத்தில் இருந்து பந்தை எறிந்தார். மூன்று பாயிண்டு! 59-57. ஐரோப்பாவின் சாம்பியன் படலோனா.

எந்த வீச்சு அழ வைத்ததோ, அதே போன்ற வீச்சு சிரிக்க வைத்தது. அன்றைய கேப்டன் ஜார்டி வில்லகம்பா கிளப்பின் சொந்த வளர்ப்பு. பிற்காலத்தில் அவரே கிளப்பின் தலைவராகவும் இருந்தார்.

பயிரும் பணமும்

ஜுவென்டுட்டின் உண்மையான சொத்து கோப்பைகள் அல்ல, பிள்ளைகள். சிறு வயதிலேயே சேர்த்து, ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுத்து, பெரிய கோஷ்டியில் ஆட வைப்பது அதன் வழக்கம். ஸ்பெயின் கூடைப்பந்துக்கு அது ஒரு நாற்றங்கால்.

அங்கே வளர்ந்த இன்னொருவர் ரூடி பெர்னாண்டஸ். 2004 முதல் 2024 வரை ஆறு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடியவர். 2008-ல் அரசர் கோப்பையை ஜுவென்டுட் வென்றபோது, ரூடியும் ரூபியோவும் ஒன்றாக ஆடினார்கள். அதே ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஸ்பெயினுக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்தவர்களிலும் இருவரும் உண்டு.

நாற்று வளர்ந்தால் பிடுங்கி வேறு வயலில் நடத்தானே வேண்டும்? ரூடி 2008-ல் அமெரிக்கா போனார். ரூபியோ 2009-ல் பார்சிலோனா கிளப்புக்குப் போனார். அதற்காக பார்சிலோனா 30 லட்சம் யூரோவுக்கு மேல் ஜுவென்டுட்டுக்குக் கொடுத்தது.

இதில்தான் கணக்கு இருக்கிறது. சிறிய கிளப் பையனை வளர்க்கிறது. பெரிய கிளப் விலை கொடுத்து வாங்குகிறது. அந்தப் பணத்தில் சிறிய கிளப் அடுத்த பையனை வளர்க்கிறது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் வருவது இந்த வாய்க்காலில்தான்.

வாய்க்கால் வறண்டால் என்ன ஆகும் என்பதை 2018-ல் படலோனா பார்த்தது. கடன் கழுத்தை நெரித்தது. கிளப்பையே மூடிவிடும் நிலை. நகரசபையும் தனியார் முதலீடும் கை கொடுத்ததால் உயிர் தப்பியது.

அமெரிக்கக் கல்லூரிகள்

இப்போது வாய்க்காலின் தலைமாட்டிலேயே ஒரு மாற்றம் வந்திருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடும் மாணவர்கள் ஆட்டத்துக்காகப் பணம் வாங்கக் கூடாது என்று பல காலம் விதி இருந்தது. 2021-ல் அந்த விதி தளர்ந்தது. விளம்பரங்களில் நடித்துச் சம்பாதிக்கலாம் என்றார்கள். 2025 ஜூலை முதல், கல்லூரிகளே மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு சுமார் 2 கோடி டாலர் வரை கொடுக்கலாம்.

விளைவு என்ன? ஐரோப்பாவில் 18, 19 வயதுப் பையன்கள் பெட்டி கட்டுகிறார்கள். சிறிய கிளப் தரும் சம்பளத்தைப் போலப் பல மடங்கு அங்கே கிடைக்கிறது. படிப்பும் கிடைக்கிறது.

பையனைக் குறை சொல்ல முடியாது. காலோ கையோ ஒடிந்தால் ஆட்டக்காரனின் பிழைப்பு அன்றோடு சரி. கிடைக்கும்போது சேர்த்துக்கொள் என்றுதான் எந்தத் தகப்பனும் சொல்வான்.

கிளப்பின் நிலை? பத்து வயதில் இருந்து சோறு போட்டு, சட்டை கொடுத்து, பயிற்சியாளர் வைத்து வளர்த்தது அது. ஒப்பந்தம் முடிந்து பையன் போனால் கைக்கு ஒன்றும் வராது. கால்பந்தில் வளர்த்த கிளப்புக்குப் பங்கு தர வேண்டும் என்று உலக அளவில் விதி உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளை அப்படிக் கட்டுப்படுத்தும் விதி இல்லை.

வழி உண்டா?

ஸ்பெயினில் சும்மா இருந்துவிடவில்லை. 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக 2025-ல் தனி லீக் தொடங்கினார்கள். பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து காத்திராமல் ஆட வேண்டும் என்பது நோக்கம். நல்ல முயற்சிதான். ஆனால், ஆட இடம் கொடுப்பது வேறு. டாலருக்கு ஈடு கொடுப்பது வேறு.

நியாயமான வழி ஒன்றுதான். பையன் போகட்டும், ஆனால், அழைத்துப் போகிறவர் வளர்த்தவருக்கு ஒரு பங்கு கொடுக்கட்டும். இது தர்மம் அல்ல, வியாபாரம். நாற்றங்கால் காய்ந்தால், நாளைக்கு அவருக்கும் நாற்று கிடைக்காது.

ரூபியோ திரும்பி வந்தது பணத்துக்காக அல்ல. 2023-ல் மனம் சோர்ந்து அவர் ஆட்டத்தையே நிறுத்தியிருந்தார். அமெரிக்க லீக்கில் இருந்தும் விலகினார். அதை வெளிப்படையாகச் சொல்லவும் தயங்கவில்லை. அப்படிப்பட்டவர் மறுபடி பந்தைத் தொட்டு ஆட வந்தபோது, பச்சை கறுப்புச் சட்டை அவருக்காகக் காத்திருந்தது.

திரும்பி வருவதற்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீடு நாளைய பிள்ளைகளுக்கும் இருக்க வேண்டும். படலோனா கேட்பது அவ்வளவுதான்.