பொழுதுபோக்கும் நம் உரிமைதான்

குந்தாரப்பள்ளி என்றதும் பலருக்கு வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைதான் நினைவுக்கு வரும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் மேட்டுநிலம் நோக்கி ஏறும் நெடுஞ்சாலையில், பாறைக்குன்றுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். பக்கத்திலேயே குருபரப்பள்ளி சிப்காட். சந்தை கலைந்த பிறகு, ஷிப்டு முடிந்த பிறகு, இந்தப் பக்கத்து காலனி இளைஞர்கள் எங்கே விளையாடுகிறார்கள்? யாரோடு உட்கார்ந்து பேசுகிறார்கள்? இதைக் கேட்டால், “வன்கொடுமை இவ்வளவு நடக்கும்போது விளையாட்டா முக்கியம்?” என்று நம் தோழர்களே திருப்பிக் கேட்கிறார்கள். ஆம், முக்கியம் என்கிறோம்.

காந்தியத்தை விமர்சித்து 1945இல் எழுதியபோது அண்ணல் அம்பேத்கர் ஓய்வைப் பற்றித்தான் பேசினார். ஓய்வில்லாமல் பண்பாடு வளராது, இயந்திரம் வந்தால்தான் உழைப்பவருக்கு ஓய்வு கிடைக்கும் என்பது அவர் வாதம். வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவரிடம் இருந்த காலத்தில், 1946இல், ஆலை வேலைநேரம் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது.

அந்த உரிமை மீது 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் கைவைத்தது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. கர்நாடகம் பிப்ரவரியிலேயே இதேபோன்ற திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன; மே தினத்தன்று மசோதாவைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். போராடியதால் நேரம் தப்பியது.

நேரம் மட்டும் போதாது, அதைக் கழிக்க இடமும் வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றோடு பொதுப் பொழுதுபோக்கு இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. சாதியைக் காட்டி அங்கே யாரையும் தடுக்கக் கூடாது. அப்படித் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வன்கொடுமைக் குற்றம். புதுத்துணி உடுத்துவதையும் பைக் ஓட்டுவதையும் தடுப்பதுகூட அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இவ்வளவு சட்டம் இருந்தும் நம் மாவட்டத்தில் என்ன நடந்தது? சூளகிரிப் பக்கத்துத் தலித் இளைஞர் ஒருவரும் அவரைச் சாதி கடந்து மணந்த பெண்ணும் ஓசூரில் வாழ்ந்துவந்தார்கள். 2018 நவம்பரில் கமல்ஹாசன் ஓசூர் வந்தபோது, ஊரே திரண்டதைப்போல அவர்களும் பார்க்கப் போனார்கள். அங்கே பெண்ணின் உறவினர் கண்ணில் பட்டார்கள். இருவரும் கடத்தப்பட்டார்கள். சில நாட்களில் கர்நாடகத்தில் காவிரியிலிருந்து அவர்களின் உடல்கள் மீட்கப்பட்டன. அந்த இளைஞரை அடையாளம் காண போலீசுக்கு உதவியது, அவர் அணிந்திருந்த அம்பேத்கர் படம் போட்ட டி-சர்ட். ஒரு நடிகரைப் பார்க்க ஒருநாள் வெளியே போனதுதான் அவர்களைக் கொலைகாரர்களிடம் காட்டிக்கொடுத்தது. இதற்குப் பிறகும் பொழுதுபோக்கைச் சின்ன விஷயம் என்று எப்படிச் சொல்வது?

மாணவத் தோழர்களே, இதை உங்கள் ஊரிலேயே தொடங்கலாம். 2024இல் தமிழ்நாடு அரசு கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கியது. உங்கள் ஊராட்சியில் அது எந்த அறையில் இருக்கிறது? சாவி யாரிடம்? காலனிப் பிள்ளைகள் கேட்டால் மட்டையும் பந்தும் கிடைக்கிறதா? பெண் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதா? மைதானம் எந்தத் தெருவில் இருக்கிறது, அங்கே நம் அணி இறங்க முடிகிறதா?

அடுத்த கிராமசபையில் இவற்றை எழுத்தில் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். யாராவது தடுத்தால், எந்தச் சட்டத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஜெய்பீம்!