நாற்காலிக்கும் ஒரு பரிசோதனை

கழுத்துவலியென்று வருவோருக்கு ஊடுகதிர்ப் படம் எடுக்கப்படுகிறது, இரத்தம் பரிசோதிக்கப்படுகிறது, தேவையெனில் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கப்படுகிறது. நாள்தோறும் எட்டு மணி நேரம் அவரைத் தாங்கும் நாற்காலியை மட்டும் எவரும் அளந்து பார்ப்பதில்லை.

இராஜபாளையம் என்றால் நூற்பாலைகளும், அடுத்துள்ள சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணியும் நினைவுக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. இவ்வூர்களின் உழைப்பைத் தறியோடும் அடுப்போடும் சேர்த்தே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் ஆலை அலுவலகத்தின் கணக்கர், நீதிமன்றத் தட்டச்சர், பால்கோவாக் கடையில் பில் போடும் பெண், இ-சேவை மைய ஊழியர், ஏன், இம்மருத்துவமனையில் உங்கள் பெயரைப் பதிவு செய்தவர்கூட, கணினி முன்னேதான் பகலைக் கழிக்கின்றனர். அவர்களின் வலியைத் தொழில்நோயாக யாரும் கருதுவதில்லை.

நோயாளியிடம் அவருடைய தொழிலையும் கேட்டறிய வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியவர் இத்தாலியரான பெர்னார்டினோ ரமசினி. தம் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில், எழுத்தர்களின் துன்பத்துக்கு அவர் கண்ட காரணங்கள் மூன்று: ஓயாது உட்கார்ந்திருத்தல், ஒரே விதமாகக் கை அசைதல், பிழை நேராதிருக்க மனம் கொள்ளும் இறுக்கம். இறகுப்பேனா போய் விசைப்பலகை வந்துவிட்டது. அம்மூன்றும் அப்படியே உள்ளன.

தமிழ்நாடு அரசு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டுமென்றது. நாள் முழுதும் நின்றே துணி விற்ற பெண்களுக்கு அது பெரும் ஆறுதல். ஆயினும் கணினி முன் அமர்பவருக்கு எது தகுந்த இருக்கை? பிரிட்டனில் 1993 முதல், கணினிப் பணியிடத்தை மதிப்பிடுவது வேலை தருபவரின் சட்டக் கடமை. ஊழியர் கேட்டால் கண் பரிசோதனைக்கும் அவரே செலவு செய்தாக வேண்டும். சட்டம் வரட்டும் என்று காத்திராமல், இங்குள்ள ஆலைகளும் கடைகளும் அலுவலகங்களும் அத்தகைய மதிப்பீட்டை ஏற்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. மருத்துவமனைகளும் இதற்கு விலக்கல்ல.

பெருஞ்செலவாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஓர் அளவுநாடாவும் பத்து நிமிடமும் போதும். வழக்கமான அலுவலக மேசை ஏறத்தாழ 75 செ.மீ. உயரமுள்ளது. ஐந்தடி உயரமுள்ள பெண் அதில் தட்டச்சு செய்தால் தோள்கள் தாமாகவே மேலேறிவிடும். மாலையில் பிடரி கடுக்கும். நாற்காலியை உயர்த்தி, தொங்கும் கால்களுக்கு ஒரு சிறு மரப்பலகை இட்டால் முழங்கை விசைப்பலகைக்கு நேராக வரும். திரை ஒரு கை நீளத் தொலைவில், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும்.

நாற்பதைக் கடந்து, இருபார்வைக் கண்ணாடி அணிபவருக்கு இந்த அளவு பொருந்தாது. கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே திரையைப் படிக்க அவர் மோவாயை உயர்த்திக்கொண்டே இருப்பார். வலி கழுத்தில், காரணமோ மூக்கின்மேல்! திரையைத் தாழ்த்துவது அல்லது கணினிக்கென்றே தனிக் கண்ணாடி பெறுவது அவருக்கு மாத்திரையினும் நல்ல மருந்து.

கை மரத்துப்போவதையெல்லாம் கணினியின் தலையில் கட்டுவதும் முறையன்று. கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை இரவில் மரத்து, தூக்கம் கலைந்து, கையை உதறினால் சற்றுத் தணிகிறதென்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கலாம். நீரிழிவும் தைராய்டுக் குறைவும் கருவுற்ற காலமும்கூட இதற்குக் காரணமாகலாம். நாற்காலியை மாற்றிவிட்டோமென்று பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரும்போது, அவர் பணியிடத்தில் அமர்ந்திருப்பதைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த புகைப்படம் ஒன்றைக் கைப்பேசியில் கொண்டு வாருங்கள். மாலை நான்கு மணிக்கு, அவர் அறியாதபோது யாரேனும் உடன் பணிபுரிபவர் எடுத்ததாக இருந்தால் மிக நன்று. காலையில் எல்லோரும் நிமிர்ந்துதான் அமர்கிறார்கள்.