வலியில்லாப் பல்லுக்கும் காவல் வேண்டும்



பல்லிழந்த முதியோர் சிலருக்கு இந்நாளில் தாடை எலும்பினுள் உலோக வேர்களைப் பதித்து, அவற்றின்மீது பல்செட்டைப் பொருத்துகின்றனர். இவ்வேர்களை 'இம்ப்ளாண்ட்' என்பர். செலவு மிகுந்த மருத்துவம் இது. பெற்றோர் மீதுள்ள அன்பினால் பிள்ளைகள் தம் சேமிப்பைச் செலவிட்டு இதனைச் செய்விக்கின்றனர். செய்து முடித்தபின், "இனி ஆயுள் முழுதும் கவலையில்லை" என்று இருந்துவிடுவோரும் உண்டு. தீங்கு அங்கேதான் தொடங்குகிறது. அது எவ்வாறு என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

இம்முறைக்கு வித்திட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் பிரானெமார்க். 1952-ஆம் ஆண்டில் முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவி, பிரித்தெடுக்க இயலாதவாறு எலும்போடு ஒன்றிப்போனதை அவர் கண்டார். 1965-இல் கோத்தன்பர்க் நகரில் கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் இத்தகைய வேர்களைப் பதித்தார். 2006-இல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளாக அவை பயன்பட்டன. எனவே, உலோக வேரின் உறுதியைப் பற்றி ஐயம் வேண்டா. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று.

இயற்கைப் பல் எலும்பில் நேரே ஊன்றி நிற்பதன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்ப்படலம் ஒன்று உள்ளது. அது மெத்தையைப் போல் அழுத்தத்தைத் தாங்குகிறது. உணர்வு நரம்புகளைக் கொண்டிருப்பதால் காவலனாகவும் விளங்குகிறது. சோற்றில் கிடக்கும் சிறு கல் பல்லில் பட்டதும் வாய் தானே திறந்துவிடுகிறதன்றோ? அது இக்காவலனின் பணியே. உலோக வேரைச் சுற்றி இப்படலம் இல்லை. கடிக்கும் விசை முழுவதும் நேரே எலும்பைச் சென்றடைகிறது. அது அளவு மீறுவதை அறிவிக்கும் உணர்வும் குன்றிவிடுகிறது.

சாதாரணப் பல்செட்டு அணிந்தவர்க்குக் கடிக்கும் வலிமை, இயற்கைப் பல் உடையவரின் வலிமையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. வேர் பதித்தபின் அவ்வலிமை பெரிதும் மீள்கிறது. வலிமை திரும்புகிறது, காவலன் திரும்புவதில்லை என்பதே இதன் சுருக்கம்.

விசை செல்லும் திசையும் முக்கியமானது. வேரின் நீளவாக்கில் நேராக இறங்கும் விசையை எலும்பு நன்கு தாங்கும். பக்கவாட்டில் தள்ளும் விசையே அதனை மிகவும் வருத்துகிறது. மேலும், நிலையாகப் பொருத்திய பல்வரிசை கடைசி வேருக்கு அப்பால் பின்னோக்கி நீண்டிருப்பதுண்டு. கிணற்றின்மேல் நீட்டிய பலகையின் நுனியில் ஒருவர் நிற்பதை ஒத்தது அது. அந்நுனியில் பாக்கையோ முறுக்கையோ கடித்தால், அருகிலுள்ள வேர் கடித்த விசையினும் மிகுந்த பளுவைத் தாங்க நேரிடுகிறது. முன்னுள்ள வேரோ மேல்நோக்கி இழுபடுகிறது.

கழற்றி மாட்டும் வகையும் உண்டு. பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு வேர்கள் தாங்கும் பல்செட்டே முதல் தேர்வாக அமையத்தக்கது என 2002-இல் கனடாவின் மொன்றியலில் கூடிய வல்லுநர்கள் கருத்துரைத்தனர். இதில் கடிக்கும் விசையை ஈறும் பகிர்ந்துகொள்கிறது. ஆனால், ஈற்றின் கீழுள்ள எலும்பு காலப்போக்கில் தேய்வதால் பல்செட்டு ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் வேர்களை அலைக்கும். பல்செட்டின் உட்புறத்தை அவ்வப்போது ஈற்றுக்கு ஏற்பச் சீர்செய்வதும், தேய்ந்த பிடிப்பு வளையங்களை மாற்றுவதும் இதனால் இன்றியமையாதவை.

வலி தோன்றாத நிலையில் வேறு அடையாளங்களையே நாம் நோக்க வேண்டும். திருகாணி தளர்தல், பல்லின் ஓரம் சிதைதல், பல்செட்டு ஆடுதல், ஈற்றில் இரத்தம் கசிதல் ஆகியவை எச்சரிக்கைகள். தளர்ந்த திருகாணியை இறுக்குவதோடு அமையாமல், அது ஏன் தளர்ந்தது என்பதையும் மருத்துவரிடம் வினவுதல் நன்று. உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிக்கும் பழக்கமுடையோர் அதனைத் தாமே அறியமாட்டார். உடன் உறங்குவோரே மருத்துவரிடம் எடுத்துரைக்க வேண்டும். அதற்கென இரவில் அணியும் காப்புறை உண்டு.

நம் வீட்டு முதியோரின் இயல்பையும் நாம் அறிவோம். பிள்ளைக்கு மேலும் செலவு வைக்கலாகாதே என எண்ணி, "எனக்கொன்றும் இல்லையப்பா" என்று சொல்லிவிடுவர். ஆடும் பல்லோடு கஞ்சியைக் குடித்துக்கொண்டு அமைதியாய் இருப்பர். ஆதலால், "வலிக்கிறதா அம்மா?" என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். "ஆடுகிறதா? முன்போல் மெல்ல முடிகிறதா?" என்று கேளுங்கள். மருத்துவர் குறித்த நாளில், குறையேதும் தோன்றாவிடினும் அழைத்துச் செல்லுங்கள். பல்லிடத்து இல்லாத அக்காவலை இனி இல்லத்தாரே ஏற்றல் வேண்டும்.