பந்தயத்துக்கும் பூட்டா?

பிரிட்டனில் பிபிசி டெலிவிஷன் ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தைத் தனிச் சந்தா இல்லாமல் காட்டி வந்தது. தொழிலாளியும் பார்த்தான், முதலாளியும் பார்த்தான்.

2012-ல் நிலைமை மாறிற்று. பிபிசிக்குப் பாதிப் பந்தயங்களே நேரடியாகக் கிடைத்தன. ஸ்கை என்ற சந்தாக் கம்பெனிக்கு எல்லாம் கிடைத்தன. 2019 முதல் நேரடி ஒளிபரப்பு ஸ்கையின் ஏகபோகம். சில்வர்ஸ்டோன் பந்தயம் மட்டும் விலக்கு. மற்றவற்றின் சுருக்கத்தைச் சேனல் 4 பல மணி நேரம் கழித்துக் காட்டும். முடிவு ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு யாருக்கு வேண்டும் அந்த ஆறின சோறு?

ஜனங்களுக்கு ஆர்வம் இல்லை என்பார்கள். நாம் கேட்கிறோம்: 2021 டிசம்பரில் அபுதாபிப் பந்தயத்தைச் சேனல் 4-க்கும் திறந்துவிட்டபோது என்ன நடந்தது? இரண்டிலும் சேர்த்து 70 இலட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஆர்வம் இருந்தது, கதவுதான் பூட்டியிருந்தது.

அன்று பட்டத்துக்குப் போட்டியிட்ட ஹாமில்டன், மகனின் பந்தயச் செலவுக்காகப் பல வேலைகள் பார்த்த தகப்பனின் பிள்ளை. அப்படிப்பட்ட வீட்டுச் சிறுவன் இன்று எங்கே பார்ப்பான்?

சந்தாவால் பணம் வருகிறது என்பது உண்மை. ஆனால் பார்க்கும் கண்கள் போகின்றனவே! உலகக் கோப்பைக் கால்பந்தையும் டெர்பி குதிரைப் பந்தயத்தையும் பொது டெலிவிஷனுக்காகக் காக்கும் சட்டப் பட்டியல் பிரிட்டனில் உண்டு. கார்ப் பந்தயத்தையும் அதில் சேர்க்கட்டும். உழைப்பவனின் ஓய்வு நேரமும் ஏலப் பொருளாகக் கூடாது!