திரையில் டாக்டர் தெரிந்தால் போதுமா?

மத்திய அரசின் ‘இ-சஞ்சீவனி’ தொலைமருத்துவச் சேவை 2023 பிப்ரவரியில் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. கரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில்தான் இச்சேவை பொதுமக்களின் கைபேசிக்கு நேரடியாக வந்தது. மூன்றே ஆண்டுகளுக்குள் இவ்வளவு தூரம் பரவியது பாராட்டத்தக்கதுதான். ஆனால், இந்த எண்ணிக்கையை வைத்து யாருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது, யாருக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிச்சமாயின என்று சொல்லிவிட முடியாது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு திட்டத்தை அந்தக் கேள்விகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும். அப்படி எடைபோட்ட ஆய்வுகள் சில உண்டு. நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவரும், கையில் கருவியும், கொடுக்க மருந்தும் இருந்தால்தான் தொலைமருத்துவம் உயிரையும் பணத்தையும் மிச்சப்படுத்துகிறது என்பதே அவற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு.

கோக்ரேன் அமைப்பு 93 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தொலைமருத்துவக் கண்காணிப்பில் இருந்த நீரிழிவு நோயாளிகளுக்குச் சர்க்கரை அளவு சற்றுக் குறைந்திருந்தது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் இறப்பு விகிதத்தில் வித்தியாசமில்லை. செலவு மிச்சமா என்பதற்கு உறுதியான விடை கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் 2008இல் தொடங்கிய ஒரு பெரிய சோதனை இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டியது. நீரிழிவு, நாள்பட்ட நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது உள்ள 3,230 பேரில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. ஓராண்டில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 8.3 சதவீதத்தினரும், கருவி பெற்றவர்களில் 4.6 சதவீதத்தினரும் இறந்தனர். இதைக் கேட்டால் வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால், நலமான ஓர் ஆயுள் ஆண்டைக் கூடுதலாகப் பெற ஏறத்தாழ 92,000 பவுண்டு செலவாகிறது என்று பொருளாதாரக் கணக்கு சொன்னது. அத்தகைய ஓர் ஆண்டுக்கு நியாயமான விலை என்று அந்நாட்டு அரசு அப்போது வழக்கமாக ஏற்றது 20,000 முதல் 30,000 பவுண்டு வரைதான். நோயாளிக்கு நல்லது செய்கிற ஒன்று கஜானாவுக்குக் கட்டுப்படியாகாமலும் போகலாம். இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்க வேண்டும்.

வீட்டில் இருந்தபடியே முன்பின் தெரியாத டாக்டரிடம் பேசும் வணிகச் சேவைகளின் கணக்கு இன்னும் மோசம். கலிபோர்னியாவில் சளி, இருமல் போன்றவற்றுக்காக நடந்த தொலைபேசி, வீடியோ ஆலோசனைகளை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியானது. அவற்றில் 12 சதவீதம் மட்டுமே நேரடி மருத்துவமனை வருகைக்குப் பதிலாக நடந்தவை. மீதி 88 சதவீதம் புதிதாக முளைத்த ஆலோசனைகள். மொத்தச் செலவு கூடத்தான் செய்தது. கூடுதல் ஆலோசனை என்றால் கூடுதல் மருந்தும்தான். சுவாசத் தொற்றுள்ள அமெரிக்கக் குழந்தைகளுக்கு வழக்கமான மருத்துவரிடம் போனபோது 31 சதவீத வருகைகளிலும், இத்தகைய சேவைகளில் 52 சதவீத ஆலோசனைகளிலும் ஆன்டிபயாடிக் எழுதப்பட்டதாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்க முடியாத மருத்துவர், எதற்கும் இருக்கட்டும் என்று மருந்து எழுதிவிடுவதில் வியப்பில்லை.

அப்படியானால் நோயாளியின் பக்கத்தில் யாராவது ஒருவர் இருந்தால் போதுமா? அதுவும் போதாது என்று காட்டியது பிகார். கிராமங்களில் ஏற்கெனவே வைத்தியம் பார்த்து வந்தவர்களையே இணைத்து அங்கே ஒரு பெரிய தொலைமருத்துவத் திட்டம் நடத்தப்பட்டது. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கும் நிமோனியாவுக்கும் சரியான சிகிச்சை கிடைப்பது அதனால் கூடவில்லை என்று 2016இல் வெளியான மதிப்பீடு சொன்னது. வயிற்றுப்போக்குக்கு வேண்டியவை ஓஆர்எஸ் பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும். அவை உரிய நேரத்தில் குழந்தையின் கைக்கு வராவிட்டால் இணைய இணைப்பு எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை.

நேர்மாறான உதாரணங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. மாரடைப்பு சிகிச்சைக்காக 35 சிறிய மருத்துவமனைகளை, ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள 4 பெரிய மருத்துவமனைகளுடன் இணைத்த திட்டத்தின் முடிவுகள் 2017இல் வெளியாயின. நெஞ்சுவலியோடு வருபவருக்கு அருகிலுள்ள மருத்துவமனையிலேயே இசிஜி எடுத்து, அதைப் பெரிய மருத்துவமனையின் இதய மருத்துவருக்கு அனுப்பினார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். செலவை அரசு காப்பீடு ஏற்றது. ஓராண்டு இறப்பு விகிதம் 17.6இலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. இது முன்பும் பின்பும் ஒப்பிட்ட ஆய்வு; பெருமை முழுவதையும் இசிஜி அனுப்பிய கருவிக்குக் கொடுக்க முடியாது. ஊசி, வண்டி, காப்பீடு எல்லாம் சேர்ந்து வந்ததால்தான் அந்த இசிஜிக்குப் பயன் கிடைத்தது. அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களும் இதே வழியில் செல்பவைதான். பயிற்சி பெற்ற பெண் பணியாளர் பார்வைத்திறனைச் சோதித்து, கண்ணின் படத்தை எடுத்து அனுப்புகிறார். தொலைவிலுள்ள மருத்துவர் பார்த்துச் சொல்கிறார். கண்ணாடி தேவைப்பட்டால் அங்கேயே ஏற்பாடாகிறது. அறுவை சிகிச்சை தேவைப்படுபவர் மட்டும் பெரிய மருத்துவமனைக்குப் பயணப்பட்டால் போதும்.

மருத்துவரே எட்டிப் பார்க்காத ஊரில் வெறும் கைபேசி ஆலோசனையாவது இருக்கட்டுமே என்று சிலர் கேட்பார்கள். மனநல ஆலோசனைக்கு அது பொருந்தும். அங்கே பேச்சே பெரும்பாலும் சிகிச்சை. 14416 என்ற ‘டெலி-மானஸ்’ எண்ணுக்கு அதனால்தான் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே பார்த்த நோயாளியின் மாத்திரை அளவை மாற்றவும் தொலைபேசி போதும். ஆனால், புதிதாக வரும் வயிற்றுவலியும் மூச்சுத்திணறலும் அப்படியல்ல. தவறான நிம்மதியைத் தரும் ஆலோசனை, ஆலோசனையே இல்லாததைவிட ஆபத்தாக முடியலாம். கருவிகளின் விலை சரிந்துவிட்டதால் இங்கிலாந்தின் பழைய கணக்கு இனிச் செல்லாது என்ற வாதத்திலும் பாதி உண்மை உண்டு. கருவி மலிந்தாலும், அது காட்டும் எண்ணைப் பார்த்து நடவடிக்கை எடுக்கும் ஊழியருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

ஆகவே, அரசு புதிய செயலிகளுக்குச் செலவிடுவதற்கு முன், துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடத்தை நிரப்பட்டும். ரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரைப் பரிசோதனைப் பட்டையும் மருந்தும் தீராமல் பார்த்துக்கொள்ளட்டும். இ-சஞ்சீவனியிலேயே செவிலியர் பக்கத்திலிருந்து மருத்துவரை இணைக்கும் முறை இருக்கிறது. விரிவாக்க வேண்டியது அதைத்தான். அடுத்த முறை இத்தனை கோடி ஆலோசனை என்று அறிவிக்கும்போது, ஆலோசனை பெற்றவர்களில் எத்தனை பேருக்கு எழுதிய மருந்து கிடைத்தது, எத்தனை பேருக்கு நோய் கட்டுப்பட்டது, எத்தனை பேர் கடைசியில் நேரில் போகவே வேண்டியிருந்தது என்ற கணக்கையும் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும்.